அளவுகோலும் அறமும்

"படி, அம்மா" என்றேன். படித்தாள்.

மூன்றாம் வகுப்புச் சிறுமி. கோட்டூர்புரத்திலே, அடையாற்றின் கரைப்பக்கம், தீப்பெட்டிகளை அடுக்கி வைத்தாற்போல் நிற்கும் வாரியக் குடியிருப்பிலிருந்து வருபவள். கணீரென்ற குரல். முற்றுப்புள்ளியில் நின்றாள்; வினாக்குறியில் குரலை உயர்த்தினாள்; ஒரு சொல்லும் தவறவில்லை. என் உள்ளம் பூரித்தது. ஆசிரியப் பணியில் சேர்ந்து ஆண்டு ஒன்றும் நிரம்பாத இளைஞனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "நன்று! மிக நன்று!" என்று சொல்லிப் புத்தகத்தைக் கையில் வாங்கினேன். அப்போதுதான் கண்டேன் — அவள் படித்த பாடம், அவள் விரித்து வைத்திருந்த பக்கத்தில் இல்லை. நான்கு பக்கங்களுக்கு முன்னே இருந்தது!

விரித்த பக்கத்திலே 'மரம்' என்ற சொல்லைச் சுட்டிக் காட்டினேன். "இது என்ன?" என்றேன். அவள் கண் எழுத்தைத் தேடவில்லை. என் முகத்தைத் தேடிற்று. என் உதடு அசையுமா, ஓசை ஒன்று கசியுமா, அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்துக்கொள்ளலாமா என்று தேடிற்று. படிப்பு என்பது எழுத்தைப் பார்ப்பதன்று, ஆசிரியரின் முகத்தைப் பார்ப்பது என்று இரண்டாண்டுகளில் அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டிருந்தது. யார் கற்பித்த பாடம் அது? நாங்கள் கற்பித்ததுதான்.

மேசைமீது பதிவேடு. அதிலே ஒரு வரி: 'சிறு பத்தியைத் தடையின்றி வாசிக்கிறார்.' அதற்கு நேரே ஒரு கட்டம். ஆம் என்றால் ஒரு குறி. இல்லை என்றால் வேறொரு குறி. பக்கத்திலிருந்த மூத்த ஆசிரியர், முப்பதாண்டுப் பட்டறிவு பெற்றவர், என்மீது பரிவு கொண்டவர், மெல்லச் சொன்னார்: "தம்பி, ஒப்பித்தாளா, இல்லையா? ஒப்பித்தாள். பிறகென்ன? ஆம் என்று போடுங்கள். அவளுக்கும் தொல்லையில்லை, நமக்கும் தொல்லையில்லை."

அவரைக் கெட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். தம் கைக்காசில் பிள்ளைகளுக்குப் பலகையும் பென்சிலும் வாங்கித் தருபவர் அவர். நல்லவர் ஒருவர் நாணமின்றிப் பொய்யெழுதச் சொல்கிறார் என்றால், அந்தப் பொய்யை நல்லதாகக் காட்டும் ஏதோவொன்று நம் நடுவே நடமாடுகிறது என்றுதானே பொருள்? அது என்ன? அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நேர்மையான வினா

'கற்றல் விளைவு' என்ற தொடர் இன்று ஆசிரியர் அறைதோறும் ஒலிக்கிறது. விளைவை முன்னிறுத்தும் கல்வி என்கிறார்கள். பெயர் பெரிது, பொருள் எளிது. பழைய முறை ஆசிரியரைப் பார்த்து, "என்ன நடத்தினாய்?" என்று கேட்டது. புதிய முறை, "பிள்ளை என்ன கற்றது?" என்று கேட்கிறது. இன்ன வகுப்பு முடிவதற்குள் இன்ன செயலைப் பிள்ளை தானே செய்ய வல்லதாக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்து, அதை நோக்கிப் பாடத்தை அமைத்து, அது நிறைவேறிற்றா என்று அளந்து பார்ப்பதே அம்முறை. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் ஸ்பேடி இதைக் கோட்பாடாக வகுத்து உலகெங்கும் பரப்பியவர்களில் முதன்மையானவர். கற்க முடியாத பிள்ளை என ஒன்றில்லை, காலமும் வழியும்தான் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும் என்பதே அவர் கோட்பாட்டின் அடித்தளம். 2014இல் வாஷிங்டன் உடன்பாட்டில் இந்தியா முழு உறுப்பாயிற்று. அதிலிருந்து பொறியியல் கல்லூரிகளிலும் இதே பேச்சு, இதே பட்டியல்.

இந்த வினா நேர்மையான வினா என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். "நான் நடத்தினேன், அவன் கற்கவில்லை" என்று ஆசிரியன் சொல்வது எப்படி இருக்கிறது? "பந்தி முழுதும் பரிமாறினேன், இலைகளில்தான் எதுவும் விழவில்லை" என்று சமையற்காரன் சொல்வதுபோல் இருக்கிறது! இலையைப் பார்க்கச் சொல்கிறது புதிய முறை. அதில் என்ன தவறு?

அதுமட்டுமன்று. "எழுத்து ஏறவில்லை", "அவன் தலையெழுத்து அவ்வளவுதான்", "அந்தக் குடும்பத்துப் பிள்ளை வேறெப்படி இருக்கும்?" — எத்தனை தலைமுறையாகக் கேட்டுக் கேட்டுப் புளித்த சொற்கள்! கற்பிக்கத் தவறியவன் தன் தவற்றைப் பிள்ளையின் பிறப்பின்மீது ஏற்றிவிட்டுப் பெருமூச்சு விட்டுக்கொள்ள உதவிய சொற்கள் அல்லவா அவை? எல்லாப் பிள்ளையும் கற்கும் என்ற கோட்பாடு அந்தப் பெருமூச்சுக்கு இடம் தருவதில்லை. விதியைச் சொல்லித் தப்பியோடியவனை, விளைவைக் காட்டு என்று பிடித்து நிறுத்துகிறது. ஆகவே, பகுத்தறிவாளர் எவரும் இதை எடுத்த எடுப்பில் எதிர்த்துவிட முடியாது. சான்று கேட்பவர் நாம். சாமியாடியிடம் சான்று கேட்டுவிட்டுச் சட்டாம்பிள்ளையிடம் கேளாதிருப்பது எப்படி முறையாகும்?

நாட்டு நடப்பு

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. உள்ளே வந்த பிள்ளை என்ன கற்றது என்ற வினா பின்னர் எழுந்தது. 2017இல் மைய அரசு அச்சட்டத்தின் விதிகளைத் திருத்தி, வகுப்புவாரியாக, பாடவாரியாகக் கற்றல் விளைவுகளை வகுத்திட வேண்டும் என்றது. பட்டியல்கள் வந்தன, சுவரொட்டிகள் வந்தன, பயிற்சிகள் நடந்தன.

பிறகு வந்தது கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய தமிழகத் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் திறந்தன. பத்தொன்பது மாதங்கள்! கைப்பேசியும் இணையமும் உள்ள வீட்டுப் பிள்ளை ஓரளவு பிழைத்தது. ஒரே கைப்பேசியைத் தந்தை வேலைக்கு எடுத்துச் செல்லும் வீட்டுப் பிள்ளை எழுத்தை மறந்தது. 2022இல் 'ஏசர்' எனும் ஆய்வினர் தமிழகச் சிற்றூர்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சந்தித்தனர். இரண்டாம் வகுப்புப் பத்தியை வாசிக்க வல்லவர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை என்றனர். நெஞ்சு பதைக்கும் எண் அது.

மாநிலம் வாளாவிருக்கவில்லை. 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. தெருவுக்குத் தெரு தன்னார்வலர் மாலை வகுப்பு நடத்தினர். 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருளுணர்ந்து படிக்கவும், அடிப்படைக் கணக்கைப் போடவும் வேண்டும்; 2025க்குள் இது நிறைவேற வேண்டும் என்ற இலக்கோடு வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து, நிற்கும் இடத்திலிருந்து நடத்திச் செல்ல முனைந்தது. மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருந்தாலும், எழுத்தறியாப் பிள்ளைக்கு எழுத்திலிருந்து தொடங்கு என்றது. இது அறிவுடைய ஏற்பாடு. ஆசிரியன் என்ற முறையிலே இதை வரவேற்கிறேன்.

2024இல் அதே ஆய்வினர் மீண்டும் வந்தபோது அந்த எண் உயர்ந்திருந்தது. மகிழ்ச்சி. எனினும், பகுத்தறிவாளன் மகிழ்ச்சியிலும் மயங்கலாகாது. பள்ளி திறந்ததால் வந்த உயர்வு எவ்வளவு, திட்டத்தால் வந்த உயர்வு எவ்வளவு என்று அந்த எண் தனித்தனியே பிரித்துச் சொல்லாது. மேலும், இன்னும் பெரும்பாலான பிள்ளைகள் அந்தப் பத்தியின் வாயிலுக்கு வெளியேதான் நின்றனர்.

அந்த ஆய்வு நடக்கும் முறையைச் சற்று கவனியுங்கள். ஒருவர் பிள்ளையின் வீட்டுக்கே சென்று, அருகில் அமர்ந்து, ஒரு தாளைக் காட்டிப் படிக்கச் சொல்கிறார். படித்தாலும் பரிசில்லை, படிக்காவிட்டாலும் பழியில்லை. ஆசிரியர்க்கு அதனால் ஆக்கமுமில்லை, அழிவுமில்லை. ஆகவே பிள்ளை பொய் காட்ட வேண்டியதில்லை. பெரியவரும் பொய் எழுத வேண்டியதில்லை. பயன் கருதாத அளவுகோல் மெய் பேசுகிறது. பயன் கருதும் அளவுகோல்? அதற்கொரு வரலாறு உண்டு.

சென்ற நூற்றாண்டுகளின் சாட்சி

1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்ற அமைச்சர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். பள்ளிகளுக்கு அரசு பணம் தருகிறதே, அதற்கு விளைவென்ன என்று கேட்டார். ஆய்வாளர் ஆண்டுதோறும் வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். ஒன்றில் தவறினால் அந்தப் பிள்ளைக்கான மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். 'விளைவுக்கேற்ற ஊதியம்' என்று அதற்குப் பெயர். கணக்கு நேர்த்தியானது, கருத்தும் நேர்மையானதாகவே தோன்றிற்று.

நடந்தது என்ன? ஆசிரியர் பிழைப்பு அந்த ஒரு நாளில் தொங்கியது. ஆகவே பாடநூலைப் பிள்ளைகள் நெட்டுருச் செய்தனர். ஆய்வாளர் வந்தார், பிள்ளைகள் முழங்கினர். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் 'படித்த' பிள்ளைகள் இருந்தனராம்! கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மாத்யூ ஆர்னால்டு அம்முறையை விடாது எதிர்த்தார். படிக்கத் தெரியாமலே படிப்புத் தேர்வில் தேறச் செய்வது எப்படி என்பதைத்தான் இது பள்ளிகளுக்குக் கற்றுக்கொடுக்கிறது என்று எச்சரித்தார். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றபின் அம்முறை ஒழிந்தது. அதே முறை கடல் கடந்து நம் சென்னை மாகாணத்துக்கும் வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உதவிபெறும் பள்ளிகளை ஆட்டி வைத்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கைவிடப்பட்டது.

இந்த வரலாற்றை, எங்கள் பகுதியிலேயே இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அமர்ந்து படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. நான்கு பக்கம் தள்ளி விரித்துவைத்துக்கொண்டு 'படித்த' என் மாணவி, தனியொரு பிள்ளையல்லள். நூற்றைம்பது ஆண்டுகளாக, விளைவுக்கு விலை வைத்த பள்ளி எதிலும் அவள் இருந்திருக்கிறாள். ஆங்கிலேயப் பிள்ளையாக இருந்தாள். அடையாற்றங்கரைப் பிள்ளையாகவும் இருக்கிறாள். பிள்ளையின் குற்றமன்று, ஆசிரியரின் தனிக்குற்றமும் அன்று. எதற்கு விலை கொடுக்கிறோமோ அது விளையும். எண்ணுக்கு விலை கொடுத்தால் எண்தான் விளையும், எழுத்து விளையாது!

1953இன் இரு ஏற்பாடுகள்

இன்னொரு காட்சி. 1953ஆம் ஆண்டு. தென்னாப்பிரிக்க வெள்ளை ஆட்சியினர் 'பாண்டுக் கல்விச் சட்டம்' கொணர்ந்தனர். கறுப்பினப் பிள்ளைக்குக் கூலி வேலைக்குப் போதுமான கல்வியே போதும் என்றனர். அதே 1953இல் இங்கே, சென்னை மாகாணச் சிற்றூர்ப் பள்ளிகளில் அரைநாள் படிப்பு, மீதிப் பொழுதில் பெற்றோர் தொழில் என்ற திட்டம் வந்தது. குலக்கல்வி என்று மக்கள் அதற்குப் பெயர் சூட்டினர், எதிர்ப்பலை எழுந்தது, 1954இல் காமராசர் ஆட்சி அதைத் திரும்பப் பெற்றது. எண்ணிப் பாருங்கள்: அவ்விரண்டு ஏற்பாடுகளிலும் 'விளைவு' முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது! பிள்ளை என்னவாக வேண்டும் என்பது பிறக்கும்போதே முடிவாகியிருந்தது. ஆகவே, விளைவு வேண்டும் என்று சொன்னால் போதாது. எவர் வகுத்த விளைவு, எவருக்காக வகுத்த விளைவு என்று கேட்டாக வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் விடியல் வந்தது. 1994இல் மண்டேலா ஆட்சி அமைந்தது. பழைய அடிமைக் கல்வியை அழித்து, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே உயர்ந்த விளைவு என்று முழங்கி, 'பாடத்திட்டம் 2005' என்பதை 1997இல் அறிவித்து, 1998இல் முதல் வகுப்பில் தொடங்கினர். உலகிலேயே துணிச்சலான விளைவுவழிக் கல்வி முயற்சிகளில் ஒன்று அது. நோக்கம் தூயது, நெஞ்சம் உயர்ந்தது. ஆனாலும், நூலகமும் ஆய்வுக்கூடமும் தேர்ந்த ஆசிரியரும் முன்பே இருந்த பள்ளிகள் அதைப் பயன்படுத்திக்கொண்டன. நூலுமின்றி, போதிய பயிற்சியுமின்றி, அறுபது எழுபது பிள்ளைகளை ஓரறையில் வைத்திருந்த ஆசிரியர்கள் புரியாத சொற்களிலும் படிவங்களிலும் மூழ்கினர். 2000இல் மறுஆய்வு, 2002இல் திருத்தம், இறுதியில் 2010இல் அரசே அம்முறையைக் கைவிடுவதாக அறிவித்தது.

அந்நாட்டின் பாடம் நமக்கு என்ன சொல்கிறது? எல்லாரிடமும் ஒரே விளைவைக் கேட்பது சமத்துவம்போல் தோன்றும்; எல்லார்க்கும் ஒரே வாய்ப்பைக் கொடுக்காமல் கேட்டால், அதுவே பழைய வேற்றுமையின் புதிய முத்திரையாகிவிடும்.

கொடுத்தது என்ன, கேட்பது என்ன?

இனி என் வகுப்புக்கே வருகிறேன். 2015 டிசம்பரிலே அடையாறு பெருக்கெடுத்துக் கோட்டூர்புரத்துக்குள் புகுந்தது. ஆற்றோரக் குடிகள் பலவற்றை அதன் பின்னர் நகரின் தென்கோடியிலுள்ள பெரும்பாக்கம் அடுக்ககங்களுக்கு அனுப்பினர். அவ்வாறு சென்ற பிள்ளை, ஆண்டின் நடுவே பள்ளி மாறியது. சில பிள்ளைகள் பள்ளியையே மறந்தன. பதிவேட்டில் அதற்கொரு கட்டம் உண்டா? விடியற்காலையில் அண்ணாநகர்வரை வீட்டு வேலைக்குச் செல்லும் தாய்க்குப் பதிலாகத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு ஒரு கட்டம் உண்டா? ஆசிரியர் ஒருவரே இரண்டு வகுப்பை ஓரறையில் வைத்து நடத்துவதற்கு ஒரு கட்டம் உண்டா? இல்லை. விளைவுக்கு மட்டும் கட்டம் உண்டு. பெறுபவனை அளக்கிறோம், கொடுப்பவனை அளப்பதில்லை. வயலுக்கு நீர் விட்டார்களா என்று கேளாமல், நெல்லின்மீது வழக்குப் போடுகிறோம்!

நம் நாட்டின் வரலாறே இதற்கு மாற்று வழி காட்டுகிறது. 1920இல், தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தொடங்கினர். 1956இல் காமராசர் மதிய உணவைப் பரப்பினார். 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சி அதைச் சத்துணவாக விரித்தது. 2022இல் காலை உணவும் வந்தது. இவர்களுள் எவரேனும், "முதலில் எழுத்தைக் காட்டு, பிறகு சோற்றைப் போடுகிறேன்" என்றார்களா? இல்லை. பசித்த வயிற்றுக்கு முதலில் உணவு. உணவைத் தொடர்ந்து வருகை. வருகையைத் தொடர்ந்து எழுத்து. கொடுத்துவிட்டுக் கேட்டார்கள், ஆகவே கேட்கும் தகுதி அவர்களுக்கு இருந்தது. கொடாமல் கேட்பவனுக்கு அந்தத் தகுதி இல்லை. இதுவே நான் கண்ட முதல் அறம்.

வெப்பமானியா, சல்லடையா?

இரண்டாவது அறம், அளந்தபின் என்ன செய்கிறோம் என்பதில் அடங்கியிருக்கிறது. மருத்துவர் வெப்பமானி வைத்துப் பார்க்கிறார். காய்ச்சல் 103 என்று காட்டினால் நோயாளியை வெளியே தள்ளுவாரா, மருந்து கொடுப்பாரா? வெப்பமானி நோயாளிக்காக. சல்லடை அப்படியன்று, நின்றதை வைத்துக்கொண்டு விழுந்ததை ஒதுக்குவது அது. பள்ளியின் அளவுகோல் வெப்பமானியாக இருக்கலாம். சல்லடையாக இருத்தல் ஆகாது.

2019 செப்டம்பரில், ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று தமிழகத்திலே ஆணை பிறந்தது. பெற்றோரும் ஆசிரியரும் இளைஞரும் குரலெழுப்பினர். 2020 பிப்ரவரியில் அவ்வாணை நீங்கிற்று. 2024 டிசம்பரில் மைய அரசு, தன் பள்ளிகளில் அவ்விரு வகுப்புகளிலும் தேறாதவரை நிறுத்திவைக்கலாம் என விதி செய்தது. தமிழகம் அதை ஏற்கவில்லை. எட்டாம் வகுப்புவரை எவரையும் நிறுத்துவதில்லை என்ற நிலையிலேயே நின்றது. பத்து வயதுப் பிள்ளையிடம் "நீ தோற்றாய்" என்று முத்திரை குத்தினால், கற்றல் வளருமா, கற்றலின்மீது வெறுப்பு வளருமா? அந்தப் பிள்ளை அதே வகுப்பில் இன்னோராண்டு அமரும் என்றா எண்ணுகிறீர்கள்? தேநீர்க் கடையில் குவளை கழுவும். இல்லையேல், வீட்டில் அடுப்பூதும்!

ஆனால் ஒன்று. நிறுத்தாமல் அனுப்புவதோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணினால், அதுவும் வஞ்சகமே. எழுத்தறியாமலே எட்டாம் வகுப்புக்குச் சென்ற பிள்ளைக்கு நாம் செய்தது இரக்கமா? இல்லை; இரக்கத்தின் உடை போர்த்த புறக்கணிப்பு. நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது. அளக்க வேண்டும், உண்மையை எழுத வேண்டும், எழுதிய அன்றே உதவி வர வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் முறை பழுதாகிவிடும்.

இங்கேதான் மூத்த ஆசிரியரின் அறிவுரைக்கு விடை கிடைக்கிறது. 'ஆம்' என்று நான் எழுதினால் எவருக்கும் தொல்லையில்லை என்றார். உண்மையில் அந்த ஒரு குறி, அச்சிறுமிக்கு வர வேண்டிய தனிக்கவனத்தைப் பறித்துவிடும். கற்றுவிட்டவளுக்கு எதற்கு உதவி? அவள் பெயர் நிறைவெய்தியோர் பட்டியலில் ஏறும். அவள் அறியாமை அவளோடு வீட்டுக்குப் போகும். அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு, ஒவ்வொரு வகுப்பிலும் ஆசிரியர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பதிவேட்டில் எழுதும் பொய், தாளில் செய்த தவறன்று. பிள்ளையிடம் செய்த திருட்டு!

அளவில் அடங்காதவை

மூன்றாவதாக ஒன்று உண்டு. கல்வியின் விளைவுகள் யாவும் கட்டத்துக்குள் அடங்குமா? கேள்வி கேட்கும் துணிவு, அடுத்தவன் தாழ்ந்தவனல்லன் என்ற உணர்வு, பெரியவர் சொன்னாலும் பிழையைப் பிழை என்னும் நெஞ்சுரம் — இவற்றை எந்தக் கோலால் அளப்பது? முன்கூட்டியே எழுதிய விளைவுகளை மட்டும் நோக்கி ஓடும் வகுப்பறையில், பட்டியலில் இல்லாத கேள்வியைப் பிள்ளை கேட்டால், "அது பாடத்தில் இல்லை, உட்கார்" என்றுதானே பதில் வரும்? பகுத்தறிவின் முதல் முளை அங்கேயே கிள்ளப்படும். எண்ணுக்குப் பணிந்து பிள்ளையை மறப்பது, உருவத்துக்குப் படைத்துவிட்டு மனிதனைப் பட்டினி போடுவதற்கு எவ்வகையில் குறைந்தது? பழைய மூடநம்பிக்கை போய், புள்ளிவிவரம் பூசிய புதிய மூடநம்பிக்கை புகலாமா?

எனினும் என்னைப் போன்ற இளம் ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அளக்க முடியாததைத்தான் நான் கற்பிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, அளக்கக் கூடியதையும் கற்பிக்காமல் விடுகிற சோம்பலுக்கு இந்த வாதம் குடையாகிவிடலாகாது. எழுத்தறியாதவனுக்குத் துணிவு கற்பித்தேன் என்பது, கால் கட்டியவனுக்கு ஓட்டத்தின் பெருமையைப் பேசியதற்கு ஒப்பாகும். எழுத்து வேண்டும், எழுத்துக்கு அப்பாலும் வேண்டும். முன்னதை அளப்போம், பின்னதை அளக்க இயலாது என்பதற்காக மறவாதிருப்போம்.

ஆக, வெற்றியா தோல்வியா?

விளைவுவழிக் கல்வி பள்ளிகளில் பலிக்கிறதா என்று கேட்டால், என் விடை இது: வினா பலித்திருக்கிறது; பதிவேடு பலிக்கவில்லை. பிள்ளை கற்றதா என்று கேட்க நாடு தொடங்கிவிட்டது; அது பெரிய வெற்றி. அந்த வினாவுக்கு உண்மையான விடை எழுத அஞ்சும் நிலையை நாம் இன்னும் மாற்றவில்லை. அது பெரிய தோல்வி. அச்சம் உள்ள இடத்தில் உண்மை விளையாது. 'இல்லை' என்று எழுதும் ஆசிரியரிடம் "ஏன் குறைந்தது?" என்று அதட்டாமல், "என்ன வேண்டும்?" என்று கேட்கும் நாள் வரட்டும், அன்று விளைவும் வரும்.

நான் 'இல்லை' என்று எழுதினேன். வீரம் என்று பாராட்டாதீர்கள். எழுதும்போது கை சற்று நடுங்கத்தான் செய்தது. மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தம் பெட்டியிலிருந்து பழைய எழுத்து அட்டைகளை எடுத்து என் மேசைமீது வைத்துவிட்டுப் போனார். நாள்தோறும் உணவு இடைவேளையில் இருபது நிமிடம். அகரத்திலிருந்து தொடங்கினோம். முதல் மாதம் அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மெல்ல மெல்ல அவள் கண் தாளுக்கு இறங்கிற்று.

ஆண்டு முடிவிலும் அவள் பத்தியைத் தடையின்றிப் படிக்கவில்லை. பதிவேட்டின்படி அவள் இன்னும் 'இல்லை'தான். ஆயினும் ஒரு மாலை, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நூலகத்தின் பக்கமாக வந்தபோது, வாயிலில் இருந்த பெயர்ப்பலகையை நின்று பார்த்தாள். "அண்... ணா..." என்று எழுத்துக் கூட்டினாள். எவர் முகத்தையும் பார்க்கவில்லை. நெடுநேரம் எடுத்துக்கொண்டு, 'நூலகம்' என்பதையும் முடித்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "சார், இதுக்குள்ள நாம போகலாமா? உள்ளே விடுவாங்களா?"

விடுவார்கள் என்றேன். எவரையும் விடுவதற்கென்றே கட்டியது என்றேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னைக் குத்திக்கொண்டேயிருக்கிறது. வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவில் நிற்கும் மாளிகையைப் பார்த்து, உள்ளே விடுவார்களா என்று ஒன்பது வயதுப் பிள்ளையைக் கேட்க வைத்தது எது? அதை அளக்க நம்மிடம் கோல் உண்டா?

தோழர்களே! உங்கள் தெருவிலும் ஒரு பள்ளி இருக்கிறது. மாலையில் ஒரு மணிநேரம் உங்களிடமும் இருக்கிறது. நூலகத்தின் கதவைத் தள்ளத் தயங்கி நிற்கும் பிள்ளை ஒன்றின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்லுங்கள். அதன் கண் உங்கள் முகத்தைத் தேடினால், முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுத்தைக் காட்டுங்கள். அளவுகோல் அரசிடம் இருக்கட்டும்; அறம் நம்மிடம் இருக்கட்டும்!